பின்கதவின் வரலாறு

ஆளேறும் வண்டி ஒன்று, பொருளேறும் வண்டி வேறொன்று என வகுத்து வைத்ததே பழைய உலகின் வழக்கம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வில்லுவண்டி மனிதரைச் சுமந்தது. பாரவண்டி நெல்லையும் விறகையும் சுண்ணாம்புக் கல்லையும் சுமந்தது. வசதி படைத்த வீட்டின் முற்றத்தில் இரண்டும் நிற்கும். ஏனையோர் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, மற்றதை வேண்டும்போது வாடகைக்கு அமர்த்திக்கொண்டனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. மோட்டார் வண்டி பிறந்தபோது இந்தப் பிரிவினையும் அதனுடன் கூடவே பிறந்தது. கனவான்களுக்குக் கார், சரக்குக்கு லொறி.

ஆயினும் ஒரே ஒரு வண்டியை மட்டும் வாங்கப் பணமுள்ள குடும்பங்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவ்வண்டி வாரநாளில் மாவு மூட்டையையும் தச்சுப் பலகையையும் ஏற்றவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாயையும் பிள்ளைகளையும் கோயிலுக்குக் கொண்டு செல்லவேண்டும். பெரும்பாலும் அது வேறொருவர் பாவித்துக் கழித்த வண்டியாகவே இருக்கும். இக்குடும்பங்களின் தேவையே காரின் பின்புறத்தில் ஒரு பெருங்கதவைத் திறந்துவிட்டது. அக்கதவு திறந்த வரலாறு, மோட்டார்த் தொழிலின் பெரிய வெற்றிகளைப் பாடும் நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவது வழக்கம்.

கதை அமெரிக்காவின் புகையிரத நிலையங்களில் தொடங்குகிறது. நீண்ட பயணம் செய்து வந்து இறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் விடுதிகளுக்கு ஏற்றிச் செல்ல, பக்கங்கள் திறந்த மரக்கூடு ஒன்றைக் காரின் அடிச்சட்டத்தின் மீது பூட்டினார்கள். 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்ட் ‘டி’ மாதிரி வண்டி இதற்கு மிகவும் வாய்ப்பாக அமைந்தது. அடிச்சட்டத்தை ஃபோர்ட் கம்பெனியிடம் வாங்குவது, கூட்டை ஊர்த் தச்சரிடம் செய்விப்பது என்பதே முறை. ‘ஸ்டேஷன் வாகன்’ என்னும் பெயர் இந்நிலையங்களின் வாயிலில் நின்ற வண்டிகளிலிருந்தே வந்தது. 1923 இல் ஸ்டார் என்னும் கார் இத்தகைய உடலுடன் தொழிற்சாலையிலேயே பூர்த்தி செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1929 இல் ஃபோர்ட் நிறுவனமும் தன் ‘ஏ’ மாதிரி வண்டியில் இதைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் அயன் மவுண்டன் பகுதியில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான காடுகள் இருந்தன. அங்கே வெட்டிய மரமே வண்டியாயிற்று.

மரம் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. சிறு தொகையாகச் செய்யப்படும் உடலுக்கு இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்வது கட்டுபடியாகாது. தச்சருக்குக் கூலி கொடுப்பது மலிவு. ஆனால் மரம் வெயிலிற் காய்ந்து பிளக்கும். மழையில் ஊறி மூட்டுக் கழலும். ஆண்டுதோறும் வார்னிஷ் பூசாவிட்டால் வண்டி முனகத் தொடங்கிவிடும். 1946 இல் வில்லிஸ் நிறுவனம், புறூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் வரைந்த வடிவத்தில், முற்றும் உருக்குத் தகட்டாலான ஜீப் ஸ்டேஷன் வாகனை வெளியிட்டது. அதன் பக்கங்களில் மரத்தைப்போல நிறம் தீட்டியிருந்தார்கள் என்பது வேடிக்கை. மரம் போன பின்பும் மரத்தின் மதிப்பு மக்கள் மனத்தை விட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தில் இவ்வகை வண்டிக்கு வேறு பிறப்பு. பெருநிலக்காரர்கள் வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கிகளையும் நாய்களையும் ஏவலரையும் ஏற்றிச் சென்ற குதிரை வண்டியின் பெயரே ‘ஷூட்டிங் பிறேக்’ என மோட்டார் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. ‘எஸ்டேட் கார்’ என்னும் பெயரிலும் பண்ணை நிலத்தின் வாசனை வீசுகிறது. அதாவது அமெரிக்காவில் வாடகைக்காரனின் வண்டியாகத் தொடங்கியது, இங்கிலாந்தில் பிரபுவின் வேலைக்கார வண்டியாகத் தொடங்கிற்று. இரண்டிலும் வண்டியின் உடைமையாளர் தம் குடும்பத்துடன் அதில் ஏறிப் போகவேண்டும் என்ற எண்ணம் முதலில் இல்லை. அந்த எண்ணம் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே வலுப்பெற்றது. அதை வலுப்படுத்திய வண்டிகளுள் முதலிடம் கொடுக்கத்தக்கது மொறிஸ் மைனர் ட்ராவலர்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1953 இல், அதன் பின்புறத்தை நீட்டி, இரட்டைக் கதவு பூட்டி, ட்ராவலர் என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதலில் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம். 1956 இல் 948. 1962 இல் 1098. பின்னாசனத்தை மடித்துச் சாய்த்தால் தட்டையான ஒரு தளம் கிடைக்கும். சிறு கடைக்காரர், நெசவு மாதிரிகளை ஊரூராகக் கொண்டு திரிந்த விற்பனையாளர், மருத்துவிச்சி, வாத்தியக்காரர் முதலிய பலருக்கும் அது ஏற்றதாயிற்று. 1971 வரை அதன் உற்பத்தி நடந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ட்ராவலர்கள் செய்யப்பட்டன.

இந்த ட்ராவலரின் பின்பாதி மரத்தினால் ஆனது. ஆஷ் என்னும் மரத்தின் சட்டங்களே பின்பகுதியைத் தாங்கின. சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். அம்மரத்தை எடுத்துவிட்டால் பின்பாதி நிற்காது. 1960 இல் வந்த மினி ட்ராவலரிலும் வெளியே மரச்சட்டம் தெரியும். ஆனால் அது தகட்டின் மேல் ஒட்டிய அலங்காரம். இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். பாவித்த வண்டி வாங்கப் போனவனுக்கு அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அறியாதிருப்பது பெருநட்டமாக முடியும். மினியின் மரம் உக்கினால் அழகு கெடும். மைனரின் மரம் உக்கினால் வண்டியே கெடும்.

ஆஷ் மரத்தின் குணம் இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. வளைந்து கொடுக்கும் தன்மையும் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமையும் உடையது. ஆகவேதான் ஐரோப்பியர் வண்டிச் சில்லுக்கும் கோடரிக் காம்புக்கும் அதை நாடினர். ஆனால் ஈரத்தை அது பொறுக்காது. நீர் தேங்கும் இடத்தில் முதலிற் கறுக்கும். பின்னர் பஞ்சுபோல ஆகும். ட்ராவலரில் நீர் தேங்குமிடங்கள் பல. பின்பக்கக் கண்ணாடிகள் ஓடும் தவாளிப்புகளில் மழைநீர் நின்று பாசி முளைப்பது அவ்வண்டி உடையோர் எல்லோரும் அறிந்த காட்சி. அந்நீர் மெல்ல இறங்கி, சில்லுக்கு மேலுள்ள வளைவுச் சட்டத்தையும், பின்கதவுகளின் கீழ்மூலைகளையும், அடியில் நெடுகக் கிடக்கும் சட்டத்தையும் தின்னும்.

விற்பவன் இதை மறைப்பதும் எளிது. உக்கிய இடத்தைச் சுரண்டி, மெழுகுக் கலவையை அடைத்து, புது வார்னிஷ் பூசிவிட்டால் மரம் பளபளக்கும். எனவே அனுபவமுடையோர் பளபளப்பைக் கண்டால் மகிழாமல் சந்தேகித்தனர். சிறு கத்தியின் முனையால் மூட்டுகளின் அருகே அழுத்திப் பார்ப்பது அவர்கள் கைக்கொண்ட முறை. முனை இறங்காமல் நின்றால் மரம் நல்லது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், கேட்ட விலையிற் பாதியை மரவேலைக்கு ஒதுக்கி வைக்கவேண்டியதுதான். பின்கதவைத் திறந்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. கதவு தன் சட்டத்தில் நேராகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பின், பிணைச்சல் தேய்ந்திருக்கலாம். அல்லது பிணைச்சல் பூட்டிய தூணே உள்ளே உக்கியிருக்கலாம். முன்னதற்குச் சில சில்லிங் போதும்.

மரத்தோடு கவலை தீரவில்லை. பாரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தின் அடையாளங்களைச் சுமந்தே நிற்கும். பின்புற வில்தகடுகள் களைத்துத் தாழ்ந்திருக்கும். வெறும் வண்டியாய் நிற்கும்போதே பின்பக்கம் குந்தியிருப்பதுபோலத் தோன்றும். வில்தகடு பூட்டிய இடத்தில் தகடு கறள் பிடித்துத் துளைபட்டிருக்கும். மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்குக் காலந்தவறாமற் கிறீஸ் ஊட்டவேண்டும். ஊட்டாதுவிட்டால் மூட்டுக் கழன்று சில்லு மடிந்து, வண்டி முகங்குப்புற வீதியில் அமர்ந்துவிடும். இது பலருக்கும் நேர்ந்த அவலம். பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை ஏற்பட்டது. 1967 இல் அவ்வயதெல்லை மூன்றாகக் குறைந்தது. முதலில் தடுப்புக் கட்டை, விளக்கு, சுக்கான் ஆகியவற்றையே பார்த்தனர். பின்னாளில் உடலின் உறுதியும் பரிசோதனைக்குள் வந்தது. அப்போது, மரம் உக்கியிருப்பதைக் காரணங்காட்டி ஒரு மோட்டார் வண்டியை வீதிக்கு உதவாததென ஒதுக்கும் விநோதத்தை ட்ராவலர் உண்டாக்கிற்று.

வரிச்சட்டமும் இக்கதையிற் புகுந்து விளையாடியது. பிரித்தானியாவில் 1940 இல் ஏற்பட்ட கொள்வனவு வரி காருக்கு உண்டு; பின்பக்கங்களிற் கண்ணாடி இல்லாத சிறு பாரவண்டிக்கு இல்லை. ஆகவே கையில் பணம் சுருங்கியவர்கள் மினி வான் போன்ற கண்ணாடியற்ற வண்டிகளை வாங்கி, பிள்ளைகளை இருட்டில் மெத்தையின் மீது இருத்தி ஓட்டினார்கள். பக்கத்திற் சன்னல் வெட்டினால் அது கார் ஆகிவிடும், வரியும் கட்டவேண்டும். ஒரு கண்ணாடித் துண்டே வண்டியின் சாதியை நிர்ணயித்தது! 1973 இல் அவ்வரி ஒழிந்து வேறு வரி வந்தபோது இந்த விளையாட்டும் ஓய்ந்தது.

இங்கிலாந்து இரட்டைக் கதவோடு நின்றுகொண்டிருக்க, பிரான்ஸ் நாடு வேறு திசையில் யோசித்தது. 1930-களில் சிற்றோன் நிறுவனத்தின் பியர் ஜூல் பூலாஞ்சே தம் பொறியியலாளருக்கு இட்ட கட்டளை பிரசித்தமானது. இரண்டு குடியானவர்களையும் 50 கிலோகிராம் உருளைக்கிழங்கையும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கொண்டு செல்லவேண்டும். 100 கிலோமீற்றருக்கு 3 லீற்றர் பெற்றோலுக்கு மேல் குடிக்கக்கூடாது. உழுத வயலுக்குக் குறுக்கே ஒரு கூடை முட்டையுடன் ஓடினாலும் ஒன்றேனும் உடையக்கூடாது. யுத்தம் குறுக்கிட்டமையால் அவ்வண்டி 1948 இலேயே ‘2 சி.வி.’ என்னும் பெயருடன் அரங்கேறிற்று. கூரை தார்ப்பாய்போலச் சுருளும். ஆசனங்களைக் கையாலேயே கழற்றி வெளியே வைக்கலாம். பணக்காரரின் வண்டியைச் சிறிதாக்கும் முயற்சியாக அது அமையவில்லை. குடியானவனின் மூட்டையை அளந்து அதற்கேற்பக் கட்டிய வண்டி அது. அதை வாங்கப் பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்க முடியாதவர் பாவித்த 2 சி.வி.யைப் புதியதின் விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினர்.

அதே நிறுவனம் 1954 இல் தன் முன்சில்லு இயக்கக் காரின் ‘கொமர்சியால்’ வகையை, மேலே பிணைச்சல் பூட்டிய ஒற்றைப் பின்கதவுடன் மீண்டும் வெளியிட்டது. யுத்தத்துக்கு முன் அவ்வகையில் கதவு மேலும் கீழுமாக இரு துண்டாய் இருந்தது. ஒற்றைக் கதவு மேலே தூக்கி நிற்கும்போது, மழையில் சாமான் ஏற்றுபவனுக்கு அதுவே குடையாகும். இறைச்சிக் கடைக்காரரும் சந்தை வியாபாரிகளும் இவ்வண்டியை விரும்பினர்.

எனினும் பின்கதவைச் சாமானிய மக்களின் சொத்தாக்கிய பெருமை றெனோ 4 என்னும் வண்டிக்கே உரியது. றெனோ நிறுவனத்தின் தலைவர் பியர் திறேபியூஸ் நாட்டுப்புறத்துக்கும் நகரத்துக்கும், வேலைக்கும் விடுமுறைக்கும் ஒருங்கே உதவும் வண்டியை வேண்டினார். நீலக் காற்சட்டையை எங்கும் அணிந்து செல்வதுபோல எவ்விடத்துக்கும் ஏற்ற கார் என்பது அவர் கருத்து. 1961 இல் அது வெளிவந்தது. இயந்திரம் முன்சில்லுகளை இயக்கியபடியால், நடுவே தளத்தைக் குறுக்கறுத்து ஓடும் தண்டு இல்லை. பின்சில்லுகளைத் தாங்க, வில்தகட்டுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகளைத் தளத்தின் கீழே குறுக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தினர். அதனால் வலப்பக்கச் சில்லுகளுக்கு இடையிலான தூரமும் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடையிலான தூரமும் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வேறுபட்டன. கோணலான வண்டி என்று நகைத்தவர்கள் உண்டு. ஆனால் அக்கோணலின் பயனாகவே பின்தளம் முழுத் தட்டையாகவும் தாழ்வாகவும் அமைந்தது. கதவு தளமட்டம்வரை திறந்தது. மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி உள்ளே வைக்கவேண்டியதில்லை; இழுத்து வைத்தாற் போதும். முதுகு வலிக்க உழைப்பவரைத் தவிர மற்றெவரும் இச்சிறு வசதியின் அருமையை உணர்வது கடினம். எண்பது இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் இவ்வகையிற் செய்யப்பட்டன.

பெரிய பின்கதவு வைப்பதில் இத்தனை நயம் இருப்பின் எல்லோரும் ஏன் முன்பே வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். காரணம் தொழில்நுட்பம் சார்ந்ததும் மனம் சார்ந்ததுமாகும். தனியான அடிச்சட்டம் இன்றி உடற்கூடே சட்டமாக அமையும் காரில், ஆசனத்தின் பின்னுள்ள தகட்டுச் சுவர் கூட்டை முறுகவிடாமற் பிடிக்கிறது. அதை நீக்கிப் பெருந்துவாரம் விட்டால், மூடியில்லாத பெட்டிபோல வண்டி முறுகும், கதவு கடகடக்கும், நீர் கசியும். அதனைச் சுற்றிலும் உறுதியான வளையம் போலச் சட்டம் கொடுத்து, கதவைத் தாங்க வில்லும் பின்னாளில் வாயுத் தண்டும் பூட்டவேண்டியதாயிற்று. வேறொரு தீங்கும் உண்டு. நீண்ட பலகையை ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடியே ஓட்டினால், வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, புகைக்குழாயின் நச்சுப்புகை உள்ளே இழுபடும். இது இன்றைய வண்டிக்கும் பொருந்தும்.

மனம் சார்ந்த தடையோ இன்னும் வலியது. பின்கதவு உள்ள வண்டி வியாபாரியின் வண்டி என்ற எண்ணம் மத்தியதர வகுப்பாரை விட்டு எளிதில் அகலவில்லை. 1965 இல் றெனோ 16 அவ்வெண்ணத்துக்கு முதல் அடி கொடுத்தது. விசாலமான அக்குடும்பக் காரின் பின்னாசனத்தை முன்னே தள்ளலாம், மடிக்கலாம், அதன் சாய்வை வார் கொண்டு கூரையிலே தொங்கவும் விடலாம். அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே, 1964 இல், இத்தாலியில் ஃபியற் நிறுவனம் தன் பெயரை நேரே பணயம் வைக்க அஞ்சி, அவுட்டோபியாங்கி என்னும் சார்பு நிறுவனத்தின் பெயரில் பிறிமுலா என்ற காரை விட்டிருந்தது. இயந்திரத்தைக் குறுக்கே கிடத்தி, பற்சக்கரப் பெட்டியை அதன் நுனியிற் பூட்டும் அவ்வமைப்பே இன்றுள்ள சிறுகார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் அமைப்பாகும். முன்னே மிச்சப்பட்ட இடம் பின்னே சாமானுக்குக் கிடைத்தது. 1974 இல் வந்த வொக்ஸ்வாகன் கொல்ஃப் இவ்வுருவத்தை உலகெங்கும் நிலைநாட்டியது.

இங்கிலாந்தின் கதை இதிற் சோகமானது. ஒஸ்ரின் ஏ-40 காரின், 1959 இல் வெளிவந்த ‘கன்றிமான்’ வகையிலேயே மேலும் கீழும் பிரிந்து திறக்கும் பின்கதவு இருந்தது. உலகுக்கு முந்திய கருத்து அந்நாட்டார் கையிலேயே கிடந்தது. அதே நிறுவனம் மினியைச் செய்தது; 2000 ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி முடியும்வரை, அதன் பின்னே சிறு பெட்டி மூடியே இருந்தது. 1969 இல் மாக்ஸி என்ற ஐந்து கதவுக் கார் வந்தது. ஆனால் அதன் விற்பனைக்குக் குந்தகம் நேருமென்று 1973 இல் வந்த அலெக்றோவுக்குப் பின்கதவு கொடுக்கவில்லை. தன் கடையின் ஒரு பண்டம் மற்றொன்றோடு போட்டியிடும் என்று அஞ்சியவன், அயற்கடைக்காரனிடம் இரண்டையும் இழந்தான்.

இவ்வண்டிகள் எல்லாம் சில ஆண்டுகளிற் பழையனவாகி, இரண்டாங் கைக்கு வந்தன. பாவித்த காரின் சந்தையைப் பற்றி 1970 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொவ் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பழுதான காரை அமெரிக்கர் பேச்சில் எலுமிச்சை என்பர். அதுவே கட்டுரையின் தலைப்பிலும் இடம்பெற்றது. வண்டியின் குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். எனவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவான். சந்தையில் கெட்டவையே மிஞ்சும் என்பது அவர் வாதம். மூன்று ஆய்விதழ்கள் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ட்ராவலரின் மூட்டிற் கத்தியை அழுத்திப் பார்த்த தச்சன் இவ்வுண்மையை எந்தக் கட்டுரையும் இன்றி அறிந்திருந்தான்.

இலங்கையில் இக்கதை தனியொரு திருப்பம் கொண்டது. பிரித்தானியக் கார்களே இங்கு மிகுதியாக வந்திறங்கின. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வைத்தியர், ஆசிரியர், வியாபாரிகள் வீடுகளில் நின்றன. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பின் 1977 வரை ஒருவர் வாங்கக்கூடிய கார் பெரும்பாலும் மற்றொருவர் பாவித்த காரே. உதிரிப் பாகம் கிடையாதபோது கராச்சுக்காரர் அதைத் தாமே கடைந்தார். கொல்லர் தகடு தட்டினார். ஏனைய நாடுகளில் குப்பை மேட்டுக்குப் போன வண்டிகள் இங்கே பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றன.

வடபகுதியில் அவ்வண்டிகளின் வாழ்வு மேலும் நீண்டது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருள்கள் செல்வது தடைப்பட்டது. பெற்றோல் அரிதாயிற்று. அப்போது பழைய மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரங்கள் எரிவாயுக் கலவையை மிகுதியாக அமுக்காதவை, காபுரேற்றரும் எளிமையானது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்புவர். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை ஒழுங்கையை நிறைக்கும். நோயாளியும் பிரசவ வேதனைப்படும் பெண்ணும் அரிசி மூட்டையும் இடம்பெயர்வோரின் தட்டுமுட்டும் அவ்வண்டிகளிலேயே சென்றன. புதிய யப்பானிய வண்டி அவ்வெண்ணெயைக் குடித்திருக்காது. வாங்குங்கால் ஒருவரும் எண்ணிப்பாராத ஒரு குணம், முப்பது ஆண்டுகள் கழித்து உயிர் காத்தது.

இப்பழைய வண்டிகளின் பொருளியலை இங்கிலாந்திலும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், புதுக்கார் வாங்குவோர் முதற்சில ஆண்டுகளிலேயே விலைத் தேய்வால் இழக்கும் பணத்தைக் கொண்டு ஒரு பழைய மைனரைப் பல்லாண்டு பேணலாம் என்று வாதித்தார். ஆனால் பேணுவதற்குப் பாகம் வேண்டுமே! அதற்காக அவர் நாடிய இடங்களுள் இலங்கையும் ஒன்று. 1990-களில் இந்நாட்டின் தென்பகுதியில் ஒரு கூட்டு முயற்சி தொடங்கி, மைனரின் தகடுகளும் பாகங்களும் இங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. கார் செய்து அனுப்பிய நாட்டுக்கே காரின் உறுப்புகள் கப்பலேறித் திரும்பின.

1977 இல் இறக்குமதிக் கதவு திறந்தபின், யப்பானில் பாவித்த வண்டிகள் இங்கு நிறைந்தன. அந்நாட்டில் புதுக்காருக்கு மூன்றாண்டில் ஒருமுறையும் பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் செலவு மிகுந்த பரிசோதனை உண்டு. ஆகையால் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே பலர் கைவிடுகின்றனர். அவை ஏலத்துக்கு வந்து கப்பலேறுகின்றன. கொரொல்லா, நிசான் முதலியவற்றின் வாகன்கள் புடைவைக் கட்டும் மரக்கறிப் பெட்டியும் ஏற்றி நாடெங்கும் ஓடின. சிறுகார் உடலும் நீண்ட பின்புறமும் பொருந்திய ஹொண்டா ஃபிற் ஷட்டில் 2011 மார்ச் மாதத்தில் யப்பானில் வெளிவர இருந்து, அம்மாதத்துப் பெரும் பூகம்பத்தினாலும் ஆழிப்பேரலையினாலும் தாமதமாகி யூனில் வெளிவந்தது. ஃபிற் வகைகளில் எரிபொருட் தாங்கியை முன்னாசனங்களின் கீழே வைத்தமையால் பின்தளம் தாழ்ந்து, ஆசனங்கள் தரையோடு தரையாக மடிகின்றன. றெனோ 4 முறுக்குத் தண்டினாற் பெற்ற பயனை இது வேறு வழியாற் பெற்றது.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்திற்று. சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின, 2 சி.வி.க்காகக் காத்திருந்த பிரெஞ்சுக்காரரின் நிலை கொழும்பிலும் கண்டியிலும் தோன்றிற்று. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது.

ஷட்டிலின் ஹைபிரிட் வகையில், மின்கலத் தொகுதி சாமான் தளத்தின் கீழே கிடக்கிறது. அது தளர்ந்தால் மாற்றும் செலவு பெரிது. வெளியே பார்ப்பவருக்கோ எதுவும் புலப்படாது. நல்ல வர்ணமும் கழுவிய விரிப்பும் அதை மூடியிருக்கும். ஆகவே வாங்க வருபவர் காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே வருகிறார். பின்கதவைத் தூக்கி, அது தானாக இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கிறார். விரிப்பை உயர்த்தி, ஈரமுண்டா என்று கையால் தடவுகிறார். மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுவழியிற் பஞ்சும் தூசும் அடைத்திருக்கின்றனவா என்று குனிகிறார். பின்பு கூட வந்த திருத்துநர் தம் சிறு கணினிக் கருவியை வண்டியிற் கொளுவி, ஒவ்வொரு கலத்தொகுதியின் அழுத்தத்தையும் வாசிக்கத் தொடங்குகிறார். விற்பவர் சற்றுத் தள்ளி நின்று, அக்கருவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.